5 ரவுண்டு, 4 காலி கேஸ்

முன்னாள் கேடட்:
1994, என்.சி.சி. ஆண்டு முகாம், ஃபயரிங் நாள். பாயின்ட் டூ டூ ரைஃபிள், ஆளுக்கு 5 ரவுண்டு, அதாவது தோட்டா. வருஷம் முழுக்க வெயில்ல பரேடு அடிச்சதுக்கு அதுதான் கூலி. படுத்து எழுந்திரிக்கிறதுக்குள்ள முடிஞ்சிடும். கடைசி ரவுண்டுக்கு போல்ட்டை இழுத்ததும் காலி கேஸ், சுட்ட தோட்டாவோட கூடு, தெறிச்சு முழங்கைகிட்ட விழுந்துச்சு. சூடா, மருந்து வாசனையோட. ஏன் எடுத்தேன்னு தெரியல, சாக்ஸுக்குள்ள சொருகிட்டேன்.

எண்ணினா ஒண்ணு குறையுது. எத்தனை ரவுண்டு போச்சோ அத்தனை காலி கேஸ் ஒப்படைக்கணும், தெரியும்தானே. மொத்தக் கம்பெனியும் குனிஞ்சு புல்லை விலக்கித் தேடுது. ரிட்டயர் ஆகப் போற ஹவில்தார் மண்டி போட்டு, உள்ளங்கையால மண்ணைத் தடவித் தடவிப் பாக்குறார். நானும் அவர் பக்கத்துலயே உக்காந்து தேடினேன். கேஸ் கணுக்கால்ல குத்திக்கிட்டே இருக்கு. மத்தியானச் சாப்பாடு ஆறிப்போச்சு. கேஸ் இப்பவும் என் பீரோவுலதான் இருக்கு.

சேப்பாக்கம் பொண்ணு:
உங்களுக்காவது 5. எங்க காலேஜ்ல ரவுண்டு வரலைன்னு ரெண்டு வருஷமும் ஏமாத்திட்டாங்க. நான் சுட்டதெல்லாம் மெரினா பலூன்தான். ஒருநாள் 8 பெல்லட்டும் தப்பிடுச்சு. குறி கோணல்னு பலூன் கடை அக்காகிட்ட சண்டை போட்டு பாதிக் காசைத் திருப்பி வாங்கினேன். பஸ் வரலைன்னு திரும்பி வந்தா, அவங்க கடையைக் கட்டிட்டு மாவுச் சல்லடையில மணலைச் சலிச்சிக்கிட்டு இருக்காங்க. "என்னக்கா?"ன்னேன். "ஈயம்மா. சேந்துச்சுன்னா பழைய இரும்புக் கடையில போடலாம்." சல்லடையில பத்துப் பதினைஞ்சு, நசுங்கின மிளகு மாதிரி. காசைத் திருப்பிக் கொடுக்க வாய் வரல.

கோவை ரைஃபிள் கிளப்:
முதல் பதிவுக்காரர் என்னவோ குறும்பு மாதிரி எழுதுறார். தோட்டாக் கணக்கு விளையாட்டு இல்ல சார், அந்த ஹவில்தார்தான் பதில் சொல்லியிருக்கணும். நானும் ஒரு காலத்துல 50 மீட்டர் சுட்டவன். மேட்சுக்கு 60 ஷாட், அதுக்கு முன்னாடி குறி பாக்க ஒரு இருபது. வெளிநாட்டுத் தோட்டா, ஒவ்வொண்ணும் ஒரு டீ காசுக்கு மேல. பயிற்சியில பாதி நாள் தோட்டா இல்லாமலேயே ட்ரிகர் அழுத்திட்டு வீட்டுக்குப் போவேன்.

ஆசை இருக்கிறவங்க ஏர் ரைஃபிளுக்கு வாங்க. குழல் விட்டம் .177 அங்குலத்துக்கு மேல போகாம, சக்தி 20 ஜூலுக்குள்ள இருந்தா லைசென்ஸ் வேண்டாம். பெல்லட் டப்பா 500 இருக்கும், ஒரு மாசம் ஓட்டலாம். 10 மீட்டர் தூரத்துல, பத்து பாயின்ட் தர்ற நடுப்புள்ளியோட அகலமே அரை மில்லிமீட்டர்தான், திமிரெல்லாம் அடங்கிடும். டப்பாவை மாத்தி மாத்தி வாங்காதீங்க, ஒரே பிராண்டுல நில்லுங்க. சுட்டதும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்க, ஈயம். அந்தக் கையோட சமோசா சாப்பிடுறவங்களைப் பாத்திருக்கேன். மாடியில சுடுறதா இருந்தா பின்னாடி கனமா தடுப்பு வைங்க, சும்மா அட்டைப்பெட்டி போதாது.

டெக்ஸஸ் மச்சான்:
கோவை அண்ணே, இங்கயும் கணக்குதான். கிரீன் கார்டு வந்த புதுசு, 2013. கனெக்டிகட் பள்ளிக்கூடத் துப்பாக்கிச்சூட்டுக்கு அப்புறம் சட்டம் இறுகும்னு பயந்து ஊரே அள்ளிப் பதுக்கிடுச்சு. இருபது டாலருக்குக் கிடைச்ச 500 ரவுண்டு டப்பா கடைகள்ல கண்ணுலயே படல. ரேஞ்சுல ஒரு தாத்தா, பேரனைக் கூட்டிட்டு வந்திருந்தார். மாத்திரை டப்பாவிலேர்ந்து ஒவ்வொண்ணா எண்ணி அவன் கையில வெச்சார். பத்து. பையன் ஒன்பதோட நிறுத்திட்டு, "ஒண்ணு உங்களுக்கு"ன்னு நீட்டினான்.

முன்னாள் கேடட்:
கோவை சார், ஏர் ரைஃபிள் வாங்குற எண்ணமில்ல. குறும்புன்னு நினைச்சிருந்தா இத்தனை வருஷம் கழிச்சு எழுதியிருக்க மாட்டேன். ஒரு கேஸ் குறைஞ்சா கணக்குப் பேப்பர்ல என்ன எழுதுவாங்க? பட்டாலியன் ஸ்டாஃபா இருந்தவங்க யாராவது இருந்தா சொல்லுங்க.