செஸ்னா 172, பக்கக்காற்று 12 நாட், வீச்சில் 21: எப்படி இறங்குவது?

புதுச்சிறகு:
அண்மையில் விமானி உரிமம் பெற்றவன் நான். ஓடுபாதை 27 (அதாவது 270 டிகிரித் திசை), காற்று 210 டிகிரியிலிருந்து 14 நாட் (knot, மணிக்கு இத்தனை கடல்மைல்), வீச்சில், அதாவது திடீரென வேகம் கூடும்போது, 24 நாட் என்று கட்டுப்பாட்டுக் கோபுரம் அறிவிப்பதாக வைத்துக்கொள்வோம். கோணம் 60 டிகிரி என்பதால், ஓடுபாதைக்குக் குறுக்கே வரும் பங்கு சராசரியாக 12 நாட், வீச்சின்போது 21 நாட். செஸ்னா 172எஸ் என்ற நான்கு இருக்கைச் சிறு விமானத்தின் கையேட்டில் நிரூபிக்கப்பட்ட பக்கக்காற்று 15 நாட் என்று இருக்கிறது. மூன்று பயணிகளுடன் வரும்போது மூக்கைக் காற்றை நோக்கித் திருப்பியபடியே வந்து, தரையைத் தொடும் முன் நேராக்க வேண்டுமா? அல்லது இடது இறக்கையைத் தாழ்த்தி, வலது ரடரை (மூக்கை இடவலமாகத் திருப்பும் வால் சுக்கானின் பெடலை) மிதித்து, முன்கூட்டியே ஓடுபாதைக்கு நேராக்கிக்கொண்டு வர வேண்டுமா?

செங்கால்நாரை:
மூக்கைத் திருப்பி வருவதையே நான் பரிந்துரைப்பேன். அப்போது விமானம் சறுக்காமல் பறக்கிறது. சறுக்கலைக் காட்டும் கருவியின் பந்து நடுவில் நிற்கும், பின்னிருக்கைப் பயணிகளும் ஒருபக்கமாகச் சரிய மாட்டார்கள். இறக்கையைத் தாழ்த்திச் சறுக்கினால் இழுவை கூடி, கீழிறங்கும் வேகமும் கூடுகிறது. அதை ஈடுகட்ட எஞ்சின் விசையை ஏற்ற வேண்டியிருக்கிறது. அதோடு, 500 அடியில் வீசும் காற்று தரையில் வீசுவதில்லை என்பதால், மேலே அளந்து வைத்த சாய்வு கீழே பொருந்தாது. பெரிய பயணிகள் விமானங்கள் நாள்தோறும் இப்படித்தான் இறங்குகின்றன.

வல்லூறு:
நண்பர் செங்கால்நாரையின் கடைசி வாதத்தை நான் ஏற்கவில்லை. 130 நாட்டில் வரும் ஜெட் விமானம் 15 நாட் பக்கக்காற்றுக்கு மூக்கை ஏறத்தாழ 7 டிகிரி திருப்பினால் போதும். 65 நாட்டில் வரும் செஸ்னாவோ 13 டிகிரிக்கு மேல் திருப்ப வேண்டும். அவ்வளவு பெரிய கோணத்தை, சக்கரம் தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் இருக்கும்போது ஒரே மிதியில் நேராக்கச் சொல்கிறீர்கள். சற்று முந்தினால் விமானம் காற்றோடு நகரத் தொடங்கிவிடும். சற்றுப் பிந்தினால் சக்கரங்கள் பக்கவாட்டுச் சுமையோடு தரையில் மோதும். ஜெட்களின் சக்கர அமைப்பு ஓரளவு திருகலைத் தாங்கும். மேலும் அவற்றின் இறக்கைக்குக் கீழே எஞ்சின்கள் தொங்குவதால், விரும்பினாலும் அதிகம் சாய்க்க முடியாது. செஸ்னாவின் இறக்கை நம் தலைக்கு மேலே இருக்கிறது; நமக்கு அந்தத் தடை இல்லை. மற்ற முறைகளையும் பயன்படுத்தலாம் என்று சொல்லும் செஸ்னா கையேடே, இறக்கையைத் தாழ்த்தும் முறைதான் சிறந்த கட்டுப்பாட்டைத் தருகிறது என்கிறது.

இதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. இடது இறக்கையைத் தாழ்த்தி, வலது ரடரைக் கடைசிவரை மிதித்த பிறகும் மூக்கு ஓடுபாதைக்கு நேராக வர மறுத்தால், அந்தக் காற்று அந்த விமானத்தின் திறனை மீறிவிட்டது என்று பொருள். என் முறையில் வருபவருக்கு அந்த உண்மை 200 அடியிலேயே தெரிந்துவிடும். அமைதியாக விசையை ஏற்றி மேலேறிவிடலாம். உங்கள் முறையில் வருபவருக்கு அது தெரிவது தரைக்கு மிக அருகில்தான். மூன்று பேரை ஏற்றி வரும் புதியவருக்கு எது பாதுகாப்பு என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

நீள்வானம்:
முறை பற்றிப் பேசும் இருவரும் வீச்சை மறந்துவிட்டீர்கள். அணுகு வேகத்தோடு வீச்சு வேறுபாட்டில் பாதியைக் கூட்டுவது வழக்கம். இங்கே 24க்கும் 14க்கும் இடையே 10, அதில் பாதி 5. ஆகவே 65க்குப் பதில் 70 நாட். பயத்தில் 75 வைத்தால் இயக்க ஆற்றல் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். சக்கரம் தரையைத் தொட மறுத்து விமானம் நெடுந்தூரம் மிதக்கும், மிதக்கும் ஒவ்வொரு நொடியும் அடுத்த வீச்சுக்கு வாய்ப்புக் கொடுப்பதாகும். இறக்கையின் பின்விளிம்பில் உள்ள ஃப்ளாப்பையும் முழுதாக இறக்காமல், ஓடுபாதையின் நீளத்துக்குத் தேவையான குறைந்த அளவில் வையுங்கள்.

15 நாட் என்பது விதித்த எல்லையன்று, சோதனைப் பறப்பில் காட்டப்பட்ட அளவு மட்டுமே. ஆனால் சராசரி 12தானே என்று எண்ணி இறங்குவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். சக்கரம் தொடும் நொடியில் வருவது சராசரிக் காற்றாக இருக்கும் என்று யார் உறுதி சொல்ல முடியும்? வானிலை அறிக்கையில் வீச்சு குறிப்பிடப்படுவதே, சராசரியை 10 நாட்டோ அதற்கு மேலோ தாண்டும்போதுதான். அதற்குக் குறைவான வீச்சு அறிக்கையிலேயே வராது.

செங்கால்நாரை:
வல்லூறு சொன்ன 200 அடிச் சோதனையின் பயனை மறுக்கவில்லை. ஆனால் நீண்ட ஃபைனல் (ஓடுபாதைக்கு நேரான கடைசி அணுகல்) முழுவதும் குறுக்குக் கட்டுப்பாட்டோடு, அதாவது ஒருபக்கம் சாய்த்து மறுபக்க ரடரை மிதித்தபடி, வரும் புதியவர் களைத்துப்போவார். வீச்சு அடிக்கும்போதெல்லாம் சாய்வையும் ரடரையும் விசையையும் ஒருசேர மாற்ற வேண்டியிருக்கிறது. மூக்கைத் திருப்பியபடி வந்து, ஓடுபாதையின் தொடக்கத்தை நெருங்கும்போது மட்டும் இறக்கையைத் தாழ்த்துவது இரண்டுக்கும் இடைப்பட்ட வழி. எந்த உயரத்தில் மாறுவது என்பதில்தான் நாம் வேறுபடுகிறோம். நான் 100 அடிக்குக் கீழே என்பேன்.

வல்லூறு:
அனுபவசாலிக்கு 100 அடி சரி. கேள்வி கேட்டவருக்கு அது மிகவும் தாழ்வு. நான் 200 அடிக்கு மேலேயே மாறச் சொல்வேன்.

புதுச்சிறகு:
மூக்குச் சக்கரம் பற்றி ஒன்று கேட்கிறேன். வலது ரடரை மிதித்தபடி இறங்கினால் அந்தச் சக்கரமும் வலப்பக்கம் திரும்பியிருக்காதா?

நீள்வானம்:
செஸ்னா 172இல் அந்தக் கவலை இல்லை. பறக்கும்போது மூக்குச் சக்கரத்தின் தண்டு முழுதாக நீண்டு, சக்கரம் தானே நேராகிவிடும். பைப்பர் செரோக்கி வகையில் அது ரடர் பெடலோடு நேரடியாக இணைந்திருப்பதால், மூக்கு இறங்கும் முன் பெடலை நடுவுக்குக் கொண்டுவர வேண்டும்.

எந்த விமானமானாலும் முதலில் தொட வேண்டியது காற்று வரும் பக்கத்துச் சக்கரம். உங்கள் எடுத்துக்காட்டில் இடது. அதன்பின் பலர் கட்டுப்பாட்டை விட்டுவிடுகிறார்கள். வேகம் குறையக் குறைய ஏலரானின் (விமானத்தைச் சாய்க்கும் இறக்கைப் பலகையின்) வலு குறைவதால், அதைக் காற்றின் பக்கம் மேலும் மேலும் திருப்பிக்கொண்டே போய், நடை வேகத்துக்கு வரும்போது முழுதாகத் திருப்பியிருக்க வேண்டும். அப்படிச் செய்யாவிட்டால், ஓடுபாதையில் ஓடும்போதே ஒரு வீச்சு இடது இறக்கையைத் தூக்கிவிடும்.

வல்லூறு:
இதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் கேட்ட கேள்விக்கு என் விடை: 21 நாட் வீச்சுடன், மூன்று பயணிகளுடன், உரிமம் பெற்ற புதிதில், இறங்க வேண்டாம். எரிபொருள் இருக்கும்போதே, காற்றுக்கு நேரான ஓடுபாதை உள்ள வேறு நிலையத்துக்குத் திரும்புங்கள். அதே காற்றில் பயிற்றுநரோடு தனியே ஒரு நாள் பறந்து பாருங்கள்.

செங்கால்நாரை:
இந்த முடிவில் நானும் உடன்படுகிறேன். 100 அடியா 200 அடியா என்பதில் மட்டும் என் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை.