லீவு முடிந்தும் மச்சான் திரும்பவில்லை, இப்போது போனால் உள்ளே போடுவார்களா?

ஆம்பூர்க்காரன்:
அவசரம். மச்சான் மிலிட்டரியில் இருக்கிறார். லீவுக்கு வந்தவர் திரும்பிப் போகவில்லை. நேற்று ஸ்டேஷனில் இருந்து ஏட்டு வந்து விசாரித்துவிட்டுப் போனார். அக்கா சாப்பிடாமல் அழுதுகொண்டே இருக்கிறாள். இப்போது போனால் ஜெயிலா? வேலை போய்விடுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

எக்ஸ் நாயக்:
லீவு முடிந்து எத்தனை நாள்? ஆர்மியா, சி.ஆர்.பி.எஃப்.பா, பி.எஸ்.எஃப்.பா? நம் ஊரில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வடக்கே போனால் எல்லாமே மிலிட்டரிதான், ஆனால் சட்டம் ஒவ்வொன்றுக்கும் வேறு. எத்தனை வருட சர்வீஸ்? இதற்கு முன் ரெட் இங்க் என்ட்ரி (தண்டனையைச் சிவப்பு மையில் ஏற்றும் பதிவு) ஏதாவது உண்டா?

டீக்கடை பெஞ்ச்:
ஒரு டாக்டர் சர்டிஃபிகேட் வாங்கிக்கொண்டு போகச் சொல்லுங்கள். மஞ்சள் காமாலை என்று எழுதினால் எவனும் கேட்க மாட்டான். என் சித்தப்பா பையன் அப்படித்தான் தப்பித்தான்.

சுபேதார் (ஓய்வு):
கேள்வியே அரைகுறை, அதற்கு மஞ்சள் காமாலை என்று ஒரு பதில். இந்தப் பகுதியில் எத்தனை முறை எழுதிவிட்டேன், யாரும் பழைய இழைகளைப் படிப்பதில்லை. ராணுவச் சட்டம் 1950. லீவு முடிந்தும் வராமல் இருந்தால் பிரிவு 39, அதிகபட்சம் 3 ஆண்டு. திரும்பும் எண்ணமே இல்லாமல் ஓடியிருந்தால் பிரிவு 38, அதற்கு 7 ஆண்டு. போர்ப்பணியில் இருந்து ஓடியவனுக்கு மரண தண்டனை வரை இடம் உண்டு. பொய் சர்டிஃபிகேட் நீட்டி மாட்டினால் அது தனிக் குற்றம்.

வாணியம்பாடி அக்கா:
ஐயா, ஏற்கெனவே ஒருத்தி அழுதுகொண்டிருக்கிறாள். மரண தண்டனையை எதற்கு இழுக்கிறீர்கள்?

ஆம்பூர்க்காரன்:
ஆர்மிதான். எம்.ஈ.ஜி., அதாவது மெட்ராஸ் இன்ஜினியர் குரூப். லீவு முடிந்து 43 நாள் ஆகிறது. 13 வருட சர்வீஸ். மச்சானுடைய அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து வேலூரில் சேர்த்திருந்தோம். அவர் ஒரே பையன். யூனிட்டில் கூட இருக்கும் ஒருவரிடம் போனில் சொல்லி வைத்தாராம். அப்புறம் மேலே இருந்து கூப்பிட்டுத் திட்டியதும் போனை அணைத்துவிட்டார். யூனிட் இப்போது (அழித்துவிட்டேன்) இருக்கிறது.

எக்ஸ் நாயக்:
நல்லவேளை அழித்தீர்கள். யூனிட் எங்கே இருக்கிறது என்று எந்த இடத்திலும் எழுதாதீர்கள்.

43 நாள் என்றால் விஷயம் இதுதான். 30 நாள் தாண்டினால் பிரிவு 106-இன்படி கோர்ட் ஆஃப் என்கொயரி (ராணுவ விசாரணைக் குழு) உட்காரும். ஆள் வரவில்லை என்று அதில் பதிந்த பிறகு, அவராக வந்து சேராமலும் பிடிபடாமலும் இருக்கும்வரை ஓடிப்போனவர் கணக்குதான். ஏட்டு சும்மா வரவில்லை, ஆளைப் பிடித்துத் தரச் சொல்லி யூனிட்டில் இருந்து காகிதம் வந்திருக்கும். போலீஸ் கொண்டுபோய் ஒப்படைப்பதும், தானே போய் நிற்பதும் ஒன்றல்ல. 38-ஆ 39-ஆ என்பதே எண்ணத்தைப் பொறுத்தது. அவராகப் போய் நின்றால் அதைவிடப் பெரிய சாட்சி இல்லை. ஐ கார்டு, யூனிஃபார்ம் எல்லாம் பத்திரமாக இருக்கிறதா? அம்மாவின் அட்மிஷன் சீட்டு, ஸ்கேன், டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாவற்றையும் இரண்டு காப்பி எடுங்கள். கிளம்பும் முன் போனைப் போட்டு, வருகிறேன் என்று யூனிட்டுக்குச் சொல்லச் சொல்லுங்கள். கூட இருப்பவரிடம் சொன்னது கணக்கில் வராது.

நீலகிரி மைந்தன்:
அவ்வளவு தூரம் எதற்கு? வெலிங்டனில் போய்ச் சரண்டர் ஆகச் சொல்லுங்கள். தம்பிகளுக்கு அதுதான் தாய்வீடு.

சுபேதார் (ஓய்வு):
வெலிங்டன் மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் சென்டர். எம்.ஈ.ஜி.க்கு பெங்களூரு. தம்பி என்ற செல்லப்பெயரே சாப்பர்களுடையது, அதாவது எம்.ஈ.ஜி.க்காரர்களுடையது, அதையும் நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள்.

நீலகிரி மைந்தன்:
எங்கள் ரெஜிமென்ட் தொடங்கியது 1758. உங்களுடையது 1780. அண்ணனுக்கு அப்புறம்தானே தம்பி? சரி, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

சுபேதார் (ஓய்வு):
வயதைச் சொல்லி ஜெயிக்க இது கல்யாணப் பேச்சு இல்லை. பாலம் கட்டி, கண்ணிவெடி எடுத்து, உங்கள் ஆட்கள் போக வழி போட்டவன் யார்?

வாணியம்பாடி அக்கா:
இரண்டு பெரியவர்களும் அந்தப் பையனைத் தெருவில் நிறுத்திவிட்டு வரலாறு பேசுகிறீர்கள்.

டீக்கடை பெஞ்ச்:
பேசாமல் ராஜினாமாவைத் தபாலில் அனுப்பிவிட்டால்?

எக்ஸ் நாயக்:
அது கம்பெனி வேலை இல்லை தம்பி. (சாப்பர்கள் மன்னிக்கவும்.)

ஆம்பூர், 13 வருடத்தில் விட்டால் பென்ஷன் கிடையாது, 15 வேண்டும். ஆப்சென்ட் நாட்களுக்குச் சம்பளமும் இல்லை, அந்த நாட்கள் சர்வீஸிலும் சேராது. என் அனுபவத்தில் இப்படித் தானாக வந்தவர்களை சி.ஓ. (யூனிட்டின் கமாண்டிங் ஆபீசர்) முன் கொண்டுபோய் நிறுத்தி பிரிவு 80-இலேயே முடித்துவிடுவார்கள். அதில் அதிகபட்சம் 28 நாள் உள்ளே. கோர்ட் மார்ஷல் வரை போகாது என்று நான் எழுதித் தர முடியாது, ஆனால் ஒவ்வொரு நாள் தள்ளுவதும் அவருக்கு எதிராகத்தான் போகும். ரெட் இங்க் பற்றிக் கேட்டிருந்தேன், நீங்கள் சொல்லவில்லை. நான்கு ஆகிவிட்டால் வீட்டுக்கு அனுப்பப் பார்ப்பார்கள். நான்கு இருப்பதாலேயே அனுப்பிவிட முடியாது, விசாரிக்க வேண்டும் என்று 2015-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இருந்தாலும் எண்ணிக்கை தெரிய வேண்டும்.

வாணியம்பாடி அக்கா:
ஆம்பூர் தம்பி, என்ன ஆயிற்று? ஒரு வாரமாகச் சத்தமே இல்லையே.

ஆம்பூர்க்காரன்:
மன்னிக்கவும், அலைச்சல். மச்சான் போன் போட்டுச் சொல்லிவிட்டு நேராக யூனிட்டுக்கே போய்விட்டார். ஆஸ்பத்திரி காகிதங்களை சி.ஓ. வாங்கிப் பார்த்தாராம். 14 நாள் உள்ளே கொடுத்திருக்கிறார்கள். அத்தைக்கு இப்போது வலது கை கொஞ்சம் அசைகிறது. எல்லோருக்கும் நன்றி.

சுபேதார் (ஓய்வு):
முதல் நாளே முழு விவரமும் எழுதியிருந்தால் இரண்டு பதிலில் முடிந்திருக்கும்.

எக்ஸ் நாயக்:
சந்தோஷம். இது எத்தனையாவது ரெட் இங்க் என்று அக்காவிடம் கேட்டுச் சொல்லுங்கள்.

எக்ஸ் நாயக்:
ஆம்பூர்?