ஹைட் 100% கொடுத்தும் பெட்டி நிரம்பவில்லை: சங்கிலியா, ஃப்ளெக்ஸா?

வலைத்தறி:
வலைப்பக்கத் தோற்றத்தை வரையறுக்கும் சிஎஸ்எஸ்ஸில் ஒரு சிக்கல். வெளி டிவுக்கு (div, பக்கத்தில் ஒரு பெட்டி) மின்-ஹைட் (min-height, குறைந்தபட்ச உயரம்) 100விஎச் (vh, முழுத் திரை உயரம்). அதற்குள் தலைப்புப் பட்டையும் நடு டிவும். நடு டிவுக்குள் ஒரு பட்டியல். நடு டிவ், பட்டியல் இரண்டுக்கும் ஹைட் 100% கொடுத்திருக்கிறேன். எழுத்து இருக்கும் அளவோடு நின்றுவிடுகின்றன. எங்கே இடிக்கிறது?

பழம்பெட்டி:
மின்-ஹைட்டில்தான். 100% என்றால் எதில்? தாய்ப் பெட்டிக்கு ஹைட் என்றே எழுதியிருக்க வேண்டும். மின்-ஹைட் அந்தக் கணக்கில் சேராது, உள் உயரம் ஆட்டோ, அதாவது உள்ளடக்கத்தின் அளவு, ஆகிவிடும். பக்கத்தையே சுற்றியிருக்கும் எச்டிஎம்எல், பாடி, பிறகு வெளி டிவ் எல்லாவற்றுக்கும் ஹைட் 100% எழுதுங்கள். ஒரு படி விட்டாலும் சங்கிலி அறுந்துவிடும்.

கோணமானி:
இன்னமுமா இந்த வைத்தியம்? தலைப்புப் பட்டை 60 பிக்சல் என்றால் நடு டிவ் பக்கத்தைத் தாண்டி 60 பிக்சல் தொங்கும். கால்க் (calc, கணக்குப் போடும் கட்டளை) போட்டுக் கழிப்பீர்கள். கைப்பேசியில் தலைப்பு இரண்டு வரியாக மடிந்ததும் அந்தக் கணக்கும் பிசகும். வெளி டிவை ஃப்ளெக்ஸ் (flex, உள் பெட்டிகளுக்கு இடத்தைப் பங்கிடும் முறை) ஆக்கித் திசையை column, அதாவது மேலிருந்து கீழ், என வையுங்கள். நடு டிவுக்கு ஃப்ளெக்ஸ் 1. மீதி இடம் தானாக அதற்குச் சேரும்.

பழம்பெட்டி:
நடு டிவ் நிரம்பும், சரி. பட்டியல்? வெளியே இருப்பது இன்னும் வெறும் மின்-ஹைட்தான். பட்டியலின் 100% அப்போதும் பலிக்காது.

கோணமானி:
நடு டிவையும் ஃப்ளெக்ஸ் ஆக்கிப் பட்டியலின் 100%-ஐ எடுத்துவிடுங்கள். உள் பெட்டிகளைச் சீராக்கும் அலைன்-ஐட்டம்ஸ் (align-items) இயல்பிலேயே அதை நீட்டிவிடும்.

பழம்பெட்டி:
ஆக, படிக்குப் படி ஃப்ளெக்ஸ். இதுவும் சங்கிலிதானே ஐயா! பட்டியலில் 500 வரிகள் வரட்டும். ஓவர்ஃப்ளோ ஆட்டோ (overflow: auto, மிஞ்சினால் உள்ளேயே உருளச் சொல்வது) எழுதியும் உள்ளே உருளாமல் பக்கம்தான் நீளும். ஃப்ளெக்ஸ் உறுப்பு தன் உள்ளடக்கத்தைவிடக் குறுக மறுக்கும். புதிதாக வருபவர் அந்தக் காரணத்தை எங்கே போய்த் தேடுவார்?

கோணமானி:
சங்கிலிதான், ஆனால் உடன்பிறந்த பெட்டிகளைக் கழித்துக் கணக்குப் போடும் சங்கிலி. உங்களுடையது தலைப்புப் பட்டை இருப்பதையே பார்ப்பதில்லை. உருள வேண்டுமானால் நடு டிவுக்கு மின்-ஹைட் 0, வெளி டிவுக்கு மின்-ஹைட்டுக்குப் பதில் ஹைட் 100டிவிஎச் (dvh, அந்த நேரத்தில் உண்மையில் தெரியும் திரை உயரம்). விஎச் வேண்டாம், கைப்பேசி உலாவியின் முகவரிப் பட்டை தெரியும்போது பக்கத்தின் அடிப்பகுதி மறைந்துவிடும். டிவிஎச் 2022 முதல் முக்கிய உலாவிகளில் இருக்கிறது.

வலைத்தறி:
பட்டியல் இப்போது உள்ளேயே உருள்கிறது. தலைப்பு இல்லாத உள்நுழைவுப் பக்கத்துக்குப் பழம்பெட்டி சொன்னதையே வைத்துக்கொண்டேன்.

பழம்பெட்டி:
அதற்கும் ஒருநாள் தலைப்பு வைக்கச் சொல்வார்கள். அப்போது கோணமானியைக் கூப்பிடுங்கள்.