மறு: ஹிப்னாஸிஸ் – தூக்கமும் இல்லை, வசியமும் இல்லை. என்ன பெயர்?

ஐயாவுக்கும் குழு நண்பர்களுக்கும் வணக்கம்.

ஹிப்னாஸிஸுக்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று நான் குழுவில் கேட்டதற்கு ஐயா முன்வைத்த 'அறிதுயில்' என்ற சொல்லைப் படித்ததும் மகிழ்ந்துதான் போனேன். பாம்பணையில் கண்மூடிக் கிடந்தும் எல்லாவற்றையும் அறிந்திருக்கும் பெருமாளின் துயில். எவ்வளவு அழகு! ஆனால் இரண்டு நாள் யோசித்த பிறகு, ஹிப்னாஸிஸுக்கு அது வேண்டாம் என்றே தோன்றுகிறது.

இந்தக் கேள்வியை நான் ஏன் எழுப்பினேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். வலி மருத்துவப் பிரிவு ஒன்றுக்காக நோயாளர் கையேட்டைத் தமிழாக்கி வருகிறேன். பழைய கையேட்டில் 'மனவசிய சிகிச்சை' என்று போட்டிருந்தார்கள். முதுகுவலிக்கு வந்த ஓர் அம்மா அந்த வரி வரைக்கும் படித்தார். தாளை நான்காக மடித்து மேசைமேல் வைத்தார். "வசியமெல்லாம் வேண்டாம்மா, வலியோடயே இருந்துக்கறேன்" என்று எழுந்து போய்விட்டார். அவர்மேல் தவறே இல்லை. வசியம் என்றால் நம் ஊரில் மை, ஏவல், செய்வினை எல்லாம் கூடவே வரும். அந்தச் சொல்லை நாம் கைவிட்டே ஆகவேண்டும்.

சரி, துயிலுக்கு என்ன குறை? மான்செஸ்டரில் இருந்த ஸ்காட்லாந்து அறுவை மருத்துவர் ஜேம்ஸ் பிரெய்டு 1841-இல், காந்த சக்தியால் ஆட்களை மயக்குவதாகச் சொன்ன மெஸ்மரிச நிகழ்ச்சி ஒன்றைப் பார்த்துவிட்டு, இதில் காந்த சக்தி எதுவும் இல்லை, கண்ணையும் கவனத்தையும் ஒரே இடத்தில் நிறுத்துவதால் வருவது என்று கண்டார். கிரேக்கத்தில் தூக்கத்தைக் குறிக்கும் 'ஹிப்னோஸ்' என்ற சொல்லை வைத்து 1843-இல் நூலும் எழுதினார். நான்கே ஆண்டில் அவருக்கே அந்தப் பெயர் உறுத்தியது. 1847-இல் 'மோனோஐடியிசம்' என்று மாற்றப் பார்த்தார். மனம் ஒரே எண்ணத்தில் நிற்பது என்று பொருள். அதற்குள் பழைய பெயர் ஊரெங்கும் பரவிவிட்டது. பெயர் வைத்தவரே திருத்த நினைத்து முடியாமல் போன பிழையை நாம் ஏன் மொழிபெயர்க்க வேண்டும்? மூளை அலைகளைப் பதிவு செய்து பார்த்தாலும் அந்த நிலையில் இருப்பவர் விழித்திருப்பவராகத்தான் தெரிகிறார், தூங்குபவராக அல்ல.

மாறுவது கவனம். இதற்கு எனக்கு மிகப் பிடித்த சான்று, நரம்பறிவியல் ஆய்வாளர் அமீர் ராஸ் குழுவினர் செய்த சோதனை. பச்சை மையில் 'சிவப்பு' என்று அச்சிட்டிருக்கும். மையின் நிறத்தை மட்டும் சொல்லவேண்டும். வீட்டில் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள், நாக்கு ஒரு கணம் தடுமாறும். படிக்கத் தெரிந்தவரால் படிக்காமல் இருக்க முடியாது. ஆனால் ஹிப்னாஸிஸுக்கு எளிதில் ஆட்படுபவர்களிடம், "இனி வரும் எழுத்துகள் உங்களுக்குத் தெரியாத மொழியின் கிறுக்கல்களாகத் தோன்றும்" என்று முன்கூட்டியே ஹிப்னாஸிஸில் சொல்லி வைத்தபோது அந்தத் தடுமாற்றம் மறைந்துபோனது. 2005-இல் அதே குழு மூளையையும் படம்பிடித்தது. முரண்பாடுகளைக் கண்காணிக்கும் மூளைப் பகுதியான முன் சிங்குலேட் புறணியின் செயல்பாடு குறைந்திருந்தது.

வலிக்கும் இதே பகுதிதான். 1997-இல் ஆய்வாளர் ரேன்வில் குழுவினர் ஆட்களின் கையை 47 டிகிரி சுடுநீரில் வைக்கச் சொல்லி, வலியின் வேதனை கூடும் அல்லது குறையும் என்று ஹிப்னாஸிஸில் சொன்னார்கள். சொன்னபடியே முன் சிங்குலேட் புறணி ஏறி இறங்கியது. தொடுவுணர்வைப் பெறும் முதன்மைப் புறணியோ அசையவில்லை. சூடு உள்ளே வந்துகொண்டுதான் இருந்தது, அது படுத்தும் பாடுதான் மாறியது. எழுந்து போன அந்த அம்மாவுக்கு இதைச் சொல்லியிருக்கலாமே என்று இன்னும் நினைக்கிறேன்.

நனவு போய்விடுவதில்லை என்பதும் முக்கியம். கனவுக்கு எதிராக வள்ளுவர் வைத்த அந்த நனவு அங்கேயே இருக்கிறது, அதன் ஓரங்கள் மட்டும் மங்குகின்றன. நாவலில் மூழ்கியவருக்குக் குக்கர் எத்தனை விசில் அடித்தது என்று தெரியாது. ஆனால் அவர் தூங்கவில்லை.

ஆகவே என் பரிந்துரை: கவனத்தோய்வு.

அன்புடன்.

* * *

அன்புச் சகோதரிக்கு,

அறிதுயிலில் நான் கண்டது துயிலை அல்ல, அறிதலை. ஆனாலும் பிரெய்டின் கதையைப் படித்த பிறகு விட்டுக்கொடுக்கிறேன். பொதுவாசகர் முதலில் துயிலைத்தான் பார்ப்பார்.

உங்கள் சொல்லில் ஓர் ஆபத்து இருக்கிறது, கவனித்தீர்களா? ஒற்றைக் கொம்பு இரட்டைக் கொம்பு தடுமாறினால் 'கவனத்தொய்வு' ஆகிவிடும். பொருள் நேர் எதிர்! மாணவர்களின் விடைத்தாளில் இந்தப் பிழையை எத்தனை ஆண்டு திருத்தியிருக்கிறேன் தெரியுமா? கைபேசித் தட்டச்சில் கேட்கவே வேண்டாம்.

இன்னொன்று. சதுரங்கம் ஆடுபவருக்கும் கவனம் தோய்ந்துதான் இருக்கிறது. அவரிடம் போய், ஹிப்னாஸிஸில் சொல்வதுபோல், "உங்கள் கை லேசாகிறது" என்றால் கை எழும்புமா?

தோய்தல் மட்டும் எனக்கு நிறைவாக இருக்கிறது. என் அம்மா பாலைத் தோய்த்து வைப்பார், காலையில் தயிராகியிருக்கும். பொருள் அதுவே, நிலை வேறு. கவனத்தை எடுத்துவிட்டு 'தோய்நிலை' என்று வைத்தால் என்ன?

* * *

ஐயா,

தொய்வு எனக்குத் தோன்றவே இல்லை. கையேட்டில் அச்சாகியிருந்தால் என்ன ஆகியிருக்கும்! மிக்க நன்றி. தோய்நிலையையே எடுத்துக்கொள்கிறேன்.

சதுரங்கக் கேள்வி நியாயமானது. வேறுபாடு நம் வினைச்சொல்லிலேயே கிடைக்கிறது. சாதாரணமாக "கையைத் தூக்கினேன்" என்போம். ஹிப்னாஸிஸில் இருந்தவர்களைக் கேட்டால் "கை எழும்பிச்சு" என்கிறார்கள். தூக்கியது அவர்கள் மூளைதான், ஆனால் தான் செய்ததாக அது அவர்களுக்குப் படுவதில்லை. கவனம் ஆழ்வதோடு 'நான் செய்கிறேன்' என்ற உணர்வும் தளர்கிறது. 2016-இல் ஸ்டான்ஃபோர்டில் 545 பேரைச் சோதித்து அதிலிருந்து 57 பேரின் மூளையைப் படம்பிடித்தார்கள். எளிதில் தோய்பவர்களிடம், தோய்நிலையின்போது, செயலைத் திட்டமிடும் வலைப்பின்னலுக்கும் தன்னைப் பற்றி எண்ணும் வலைப்பின்னலுக்கும் இருந்த தொடர்பு குறைந்திருந்தது. கை எழும்புவதைப் பார்த்துக்கொண்டிருப்பவர், அதை எழுப்புகிறோம் என்று எண்ணாமல் இருப்பது இதனால்தான் இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் விளக்கம்.

தோய்தல் தன்வினை என்பதும் எனக்குப் பிடித்திருக்கிறது. கோவாவில் 1756-இல் பிறந்து பாரிஸில் இதைச் செய்து காட்டிய பாதிரியார் ஃபாரியா, ஆற்றல் தன்னிடம் இல்லை, எதிரில் அமர்ந்திருப்பவரின் மனதில்தான் இருக்கிறது என்றார். பனாஜியில் அவருக்குச் சிலை இருக்கிறது. வசியம் என்பது செய்பவரைக் காட்டும் சொல், தோய்வு என்பது தோய்பவரைக் காட்டும் சொல். தோய்நிலைக்குக் கொண்டுபோகும் செயலைத் தோய்விப்பு என்றும், ஆளுக்கு ஆள் வேறுபடும் அந்தத் திறனைத் தோய்திறன் என்றும் வைத்துக்கொள்கிறேன்.

"உங்கள் கை லேசாகிறது" போன்ற வாக்கியத்துக்குத்தான் இன்னும் சரியாக அமையவில்லை. 'கருத்தேற்றம்' பழக்கத்தில் இருக்கிறது, ஆனால் மூட்டையை வண்டியில் ஏற்றுவதுபோல் கேட்கிறது. 'தூண்டுரை' எப்படி இருக்கிறது, ஐயா? கையேட்டின் வரி இப்போது இப்படி நிற்கிறது: "தோய்நிலையில் நீங்கள் விழித்தேதான் இருப்பீர்கள். நாங்கள் சொல்லும் தூண்டுரை பிடிக்காவிட்டால், எந்த நேரத்திலும் வேண்டாம் என்று சொல்லலாம்."