விரதத்துக்கா கொடுத்தார்கள் நோபல் பரிசு?

கறார்க்கண்ணன்:
மோகனா நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. "விரதம் உடம்புக்கு நல்லது, எல்லாருக்கும் நல்லது என்று 2016-இல் நோபல் பரிசே கொடுத்துவிட்டார்கள், இன்னும் என்ன சந்தேகம்" என்கிறார். விரதத்துக்கு யாரும் பரிசு கொடுக்கவில்லை. செல் தன்னுடைய பழுதான பாகங்களைத் தானே சிதைத்து மறுபடி பயன்படுத்திக்கொள்கிறதே, ஆட்டோஃபேஜி, அது எப்படி நடக்கிறது, எந்த மரபணுக்கள் நடத்துகின்றன என்று கண்டுபிடித்ததற்காக ஜப்பானின் யோஷினோரி ஓசுமிக்குக் கொடுத்தார்கள். அவர் ஆராய்ந்தது ஈஸ்ட்டை. அந்த ஈஸ்ட் எந்தச் சாமிக்கு விரதம் இருந்தது?

மோகனா:
ஈஸ்ட் என்று சொன்னீர்கள், சரி. அந்த ஈஸ்ட்டை அவர் என்ன செய்தார் என்பதை மட்டும் ஏன் விழுங்கிவிட்டீர்கள்? பட்டினி போட்டார் ஐயா! சிதைக்கும் நொதிகள் இல்லாத ஈஸ்ட்டை எடுத்து, சத்தில்லாத கரைசலில் வைத்தார், சில மணி நேரத்தில் சிதைக்க வேண்டிய பாகங்களை அடைத்த குட்டிக் குட்டிக் குமிழ்கள் உள்ளே நிறைந்தன. தூண்டியது பட்டினி. நான் சொன்னதும் அதுதான். பன்னிரண்டு வருடமாக ஏகாதசி தவறாமல் இருக்கிறேன், எனக்கு என் உடம்பு தெரியும்.

கறார்க்கண்ணன்:
பட்டினி வேறு, விரதம் வேறு. ஈஸ்ட் ஒற்றைச் செல், அதற்குக் கல்லீரல் கிடையாது. நமக்குக் கல்லீரலில் மட்டும் சுமார் 100 கிராம் கிளைக்கோஜன், அதாவது சேமித்து வைத்த சர்க்கரை, கையிருப்பு இருக்கிறது, அது தீரவே ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். நீங்கள் காலையில் விட்டதை மாலையில் இரண்டு பங்காகச் சாப்பிட்டால் உடம்பு எதைச் சுத்தம் செய்யும்? உயிரோடு இருக்கிற மனிதருக்குள் ஆட்டோஃபேஜி எவ்வளவு நடக்கிறது என்று அளப்பதே இன்றும் கஷ்டம். நீங்கள் எதை வைத்து அளந்தீர்கள்?

மூலிகைநேசன்:
லங்கணம் பரம ஔஷதம், பட்டினியே பெரிய மருந்து என்று முன்னோர் சொன்னார்கள். இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்? காய்ச்சல் வந்தால் நாய்கூடச் சாப்பிடாமல் படுத்துக்கொள்கிறது. அதற்கு யார் பாடம் நடத்தினார்கள்?

கறார்க்கண்ணன்:
லங்கணம் என்றால் பட்டினி என்று யார் சொன்னது? உடம்பை லேசாக்குகிற எல்லாமே லங்கணம்தான். ஆயுர்வேத ஆசான் சரகர் பத்து வகை சொல்கிறார். வாந்தி எடுக்க வைப்பதும் அதில் உண்டு, பேதிக்குக் கொடுப்பதும் உண்டு, உடற்பயிற்சியும் உண்டு, உபவாசம் அதில் ஒன்று. உடல் மெலிந்தவருக்கு நேர் எதிரான சிகிச்சையையும் அவரே வைத்திருக்கிறார். பழமொழியை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு வந்துவிடுகிறார்கள்.

மூலிகைநேசன்:
தூக்கம் பற்றிப் போன மாதம் நடந்த வாதத்திலும் இப்படித்தான் வார்த்தையைப் பிடித்துத் தொங்கினீர்கள். அந்தக் கோபத்தை இங்கே காட்டாதீர்கள்.

கறார்க்கண்ணன்:
அந்த வாதத்தில் பதில் சொல்லாமல் போனது நீங்கள். போய்ப் படித்துப் பாருங்கள்.

சலீம்:
இரண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்கள். நோன்பை நாங்கள் கொழுப்பைக் கரைக்க வைப்பதில்லை, இறைவனுக்காக வைக்கிறோம். உடம்புக்கு நல்லதாக இருந்தால் சந்தோஷம், இல்லை என்றாலும் வைப்போம். ஆனால் ஒன்று, தண்ணீர் குடித்துக்கொண்டே இருப்பதை எங்கள் நோன்போடு சமமாகப் பேச வேண்டாம்.

மோகனா:
நிர்ஜலா ஏகாதசி என்று ஒன்று இருப்பதே தெரியாமல் பேசுகிறீர்கள் அண்ணா. சொட்டுத் தண்ணீர் கிடையாது.

சலீம்:
அது வருடத்தில் ஒரு நாள். எங்களுக்கு ஒரு மாதம்.

மோகனா:
ஒரு நாள் என்றால் மறுநாள் விடியும் வரை. உங்களுக்குச் சூரியன் மறைந்ததும் முடிந்துவிடுகிறது.

தேன்சிட்டு:
யார் நோன்பு பெரிது என்பதா இப்போது பேச்சு? என் அப்பாவுக்குச் சர்க்கரை நோய். வழக்கமான மாத்திரையைப் போட்டுக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் விரதம் இருந்தார், மதியம் மயங்கி விழுந்தார். வியர்வையில் சட்டை நனைந்து கிடந்த அந்தக் கோலம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. 2001-இல் 13 நாடுகளில் ரமலான் மாதத்தில் சர்க்கரை நோயாளிகளை வைத்து எபிடயர் என்ற ஆய்வு நடந்தது. கடுமையான தாழ்சர்க்கரை, அதாவது ரத்தத்தில் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்குவது, மற்ற மாதங்களைவிட முதல் வகை நோயாளிகளுக்கு 4.7 மடங்கும், இரண்டாம் வகைக்காரர்களுக்கு 7.5 மடங்கும் கூடியிருந்தது. இன்சுலின் போடுகிறவர்களும் சில வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களும் மருத்துவரிடம் கேட்டு மருந்தின் அளவை மாற்றாமல் விரதம் இருக்கவே கூடாது. இதை யாராவது எழுதினீர்களா?

சலீம்:
நோயாளிக்கும் பயணிக்கும் விலக்கு குர்ஆனிலேயே இருக்கிறது அம்மா. விலக்கு இருந்தும் பிடிவாதமாக வைத்தால் அது நோன்பின் குற்றம் இல்லை.

தேன்சிட்டு:
விலக்கு இருப்பது அப்பாவுக்கும் தெரியும். வீட்டில் எல்லாரும் இருக்கும்போது தான் மட்டும் சாப்பிட வெட்கப்பட்டார். "விரதம் இருந்தால் சர்க்கரையே போய்விடும்" என்று யாரோ சொன்னதும் சேர்ந்துகொண்டது.

கறார்க்கண்ணன்:
அந்த "யாரோ" இந்த நோபல் கதையைப் பரப்புகிறவர்கள்தான். அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், ஈஸ்ட், ஈஸ்ட், ஈஸ்ட். எடை குறைவதுகூட மொத்தத்தில் குறைவாகச் சாப்பிடுவதால்தான். உள்ளே போகும் கலோரி சமமாக இருந்தால் விரதத்துக்கும் தினமும் அளவாகச் சாப்பிடுவதற்கும் எடைக் குறைப்பில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. நாள்கணக்கில் பட்டினி கிடந்து வேகமாக இளைத்தால் பித்தப்பையில் கல் வரும், அதையும் முன்னோர் சொன்னார்களா?

மோகனா:
அவர் அப்பா விழுந்ததற்கு என்னைக் குற்றவாளி ஆக்குகிறீர்களா? சர்க்கரை நோயாளியை விரதம் இருக்கச் சொல்லி நான் எங்கே எழுதினேன், காட்டுங்கள். ஆரோக்கியமாக இருக்கிறவர்களைப் பற்றித்தான் பேசினேன்.

கறார்க்கண்ணன்:
நேற்று "எல்லாருக்கும் நல்லது" என்று எழுதியது யார்?

மோகனா:
"எல்லாருக்கும்" என்றால் நோயாளிக்கும் என்று அர்த்தமா? சின்னக் குழந்தைக்கும் புரியும்.

கறார்க்கண்ணன்:
எனக்குப் புரியவில்லை. எல்லாருக்கும் என்றால் எல்லாருக்கும்தான்.

மூலிகைநேசன்:
பத்து வகை லங்கணம் என்றீர்களே, பத்தையும் வரிசையாக எழுதுங்கள் பார்ப்போம்.

கறார்க்கண்ணன்:
எழுதுகிறேன். அதற்கு முன் மோகனா ஒன்றுக்குப் பதில் சொல்லட்டும், பரிசு விரதத்துக்கா, ஈஸ்ட்டுக்கா?

மோகனா:
பட்டினி போட்ட ஈஸ்ட்டுக்கு.