ஹோல்டிங் பாயின்ட்ல நிக்கிறதும் பறக்கிற நேரமா?

ஓடுபாதை25:
நேத்து ஒரு வீடியோ வந்துச்சு. வடபழனியில ஆபீஸ் போட்டிருக்கிற கன்சல்டன்ட், பைலட் படிப்புக்கு ஆள் பிடிச்சு அனுப்புறதுதான் தொழில். "கூட்டமான ஏர்போர்ட்ல இருக்கிற ஸ்கூலாப் பார்த்துச் சேருங்க. டேக் ஆஃபுக்கு முன்னாடி வரிசையில நிக்கிற நேரமும் பறந்த கணக்கு எழுதற லாக்புக்ல ஏறும், லைசென்ஸுக்கு வேண்டிய 200 மணி நேரம் தானா முடிஞ்சிடும்"ங்கிறார். கேட்டதுலருந்து பத்திக்கிட்டு வருது. சக்கரம் தரையில இருக்கிற வரைக்கும் அது எப்படிங்க பறக்கிற நேரம்? இன்ஸ்ட்ரக்டரா வலது சீட்ல உட்கார்ந்து எத்தனையோ பிள்ளைங்களை சோலோ, அதாவது தனியா ஓட்ட, அனுப்பினவன் நான். ரன்வேக்கு வெளிய காத்திருக்கிற இடமான ஹோல்டிங் பாயின்ட்ல நின்னு எவனும் லேண்டிங் கத்துக்கிட்டதில்லை.

லாக்புக் லட்சுமி:
விமானம் டேக் ஆஃபுக்காக முதல்ல நகர்ந்ததுலருந்து, ஃப்ளைட் முடிஞ்சு கடைசியா வந்து நிக்கிற வரைக்கும் ஃப்ளைட் டைம். உலக விமானப் போக்குவரத்து அமைப்பு ஐ.சி.ஏ.ஓ சொல்றதும் அதான், லைசென்ஸ் கொடுக்கிற நம்ம டிஜிசிஏ ஏத்துக்கிறதும் அதான். ஹெலிகாப்டருக்கு மேல விசிறி சுத்த ஆரம்பிச்சதுலருந்தே கணக்கு. கன்சல்டன்ட் சொன்ன யோசனை கேவலம். ஆனா அவர் சொன்ன விதி சரி. ரெண்டையும் போட்டுக் குழப்பாதீங்க.

ஓடுபாதை25:
விதிப் புத்தகம் எங்கிட்டயும் இருக்கு மேடம். நான் விதியைக் கேட்கலை. சக்கரம் தரையில இருந்தா அது பறக்கிற நேரமா, இல்லையா? ஆமாவா இல்லையா, ஒரே வார்த்தை.

பல்லாவரம் பையன்:
அண்ணே, ஆட்டோ சிக்னல்ல நின்னாலும் மீட்டர் ஓடுதுல்ல? அது மாதிரிதானே இது?

ஓடுபாதை25:
தம்பி, நீ இன்னும் பேப்பரே முடிக்கலை. மெட்டியராலஜியும் நேவிகேஷனும் பாஸ் பண்ணிட்டு வா, அப்புறம் பேசலாம். சிக்னல்ல நின்ன ஆட்டோக்காரர் வெயிட்டிங் காசு கேட்கலாம். அந்த நேரமும் வண்டி ஓட்டின அனுபவம்னு சொல்ல முடியுமா?

பல்லாவரம் பையன்:
பேப்பர் முடிக்காதவன் கேள்வி கேட்கக் கூடாதா? நல்லா இருக்கு அண்ணே.

மேடவாக்கம் அப்பா:
பொண்ணு வெளி மாநிலத்துல படிக்கிறா. வீட்டுப் பத்திரம் பேங்க்ல இருக்கு, அந்த உரிமையில பேசறேன். ஸ்கூல் பேரெல்லாம் வேண்டாம். மே மாசம் செஸ்னா 172-ல ஏ.சி கிடையாது. ஜன்னலை முழங்கையால தள்ளிப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பாளாம். முன்னாடி ஒரு ஏர்பஸ் கிளம்பும். அது கிளப்பிவிட்ட காத்துச்சுழல் அடங்கணும்னு சின்ன விமானத்தை ரெண்டு நிமிஷம் நிறுத்தி வெப்பாங்க. அதுக்குள்ள இன்னொண்ணு இறங்க வந்திடும், மறுபடி நில்லு. கண்ணு முன்னாடி, இன்ஜின் ஓடற நேரத்தைக் காட்டற ஹாப்ஸ் மீட்டர்ல கடைசி எண் ஒண்ணு நகரும். ஒரு புள்ளி நகர்ந்தா ஆறு நிமிஷம். முட்டியில கட்டின பேட்ல வேர்வை சொட்டி எழுத்து அழிஞ்சு போச்சுன்னு போன்ல சொன்னா. அந்த ஆறு நிமிஷத்துக்கும் பில் போடறாங்க சார். காசு வாங்கத் தெரியுது, கணக்குல சேர்க்க மட்டும் கூடாதா?

ஓடுபாதை25:
ஐயா, உங்க கஷ்டம் புரியுது. ஆனா நீங்களே சொல்லிட்டீங்க பாருங்க, நின்னா, வேர்த்தா, பில் வந்துச்சு. பறந்தாள்னு எங்கயாவது சொன்னீங்களா? ஏமாந்தது நீங்க. அந்த ஏமாத்து வேலையைத்தான் நான் திட்டிக்கிட்டிருக்கேன்.

லாக்புக் லட்சுமி:
அவர் ஒண்ணும் ஏமாறலை. நெரிசல்ல கன்ட்ரோல் டவர் (ஏ.டி.சி) சொல்றதைத் திருப்பிச் சொல்லி, செக்லிஸ்ட் பார்த்து, இன்ஜின் சூடு பார்த்து, ரன்வே கிராஸிங்ல கண்ணை வெச்சுக்கிட்டு நிக்கிறதும் படிப்புதான். அப்புறம், மொத்தம் 200-ஐ மட்டுமா டிஜிசிஏ பார்க்குது? அதுக்குள்ள பி.ஐ.சி, அதாவது தானே கேப்டனா இருந்து ஓட்டினது 100, வேற ஊருக்குப் பறக்கிற கிராஸ் கன்ட்ரி பி.ஐ.சி 20, அதுல ஒரு தடவையாவது 300 நாட்டிக்கல் மைல், வழியில ரெண்டு வேற ஏர்போர்ட்ல இறங்கி நிக்கணும். கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டற இன்ஸ்ட்ருமென்ட் 10, அதுல சிமுலேட்டர் 5-க்கு மேல செல்லாது. நைட் 5 மணி நேரம், பத்து டேக் ஆஃப், பத்து லேண்டிங். இதையெல்லாம் ஹோல்டிங் பாயின்ட்ல நின்னுக்கிட்டே முடிச்சுக் காட்டச் சொல்லுங்க பார்ப்போம்.

ஓடுபாதை25:
பட்டியல் எல்லாருக்கும் தெரியும். என் கேள்வி அப்படியே நிக்குது. சக்கரம் தரையில இருந்தா?

தாம்பரம் மாமா:
விமானப்படையில இருந்து ரிட்டயர் ஆனவன். தாம்பரத்துல ஃப்ளையிங் இன்ஸ்ட்ரக்டர்ஸ் ஸ்கூலுக்கு வந்துபோன பைலட்டுங்களைப் பக்கத்துல இருந்து பார்த்திருக்கேன். அங்க பேச்சே வேற. இன்னிக்குப் பறந்த சார்ட்டியில என்ன பண்ணினே, எங்க தப்பினே, இன்ஸ்ட்ரக்டர் என்ன எழுதினார், இதான் கேள்வி. உங்களை மாதிரி மணிக்கணக்கை வெச்சு மல்லுக்கட்டின ஆளை நான் பார்த்ததில்லை.

ஓடுபாதை25:
மாமா, நீங்க அங்க ஓட்டினீங்களா, இல்ல கிரவுண்டா?

தாம்பரம் மாமா:
கிரவுண்டுதான், ஏர்ஃப்ரேம், விமானத்தோட உடம்பைப் பராமரிக்கிற வேலை. விமானம் பறக்கத் தயார்னு எழுதற ஃபார்ம் 700-ல நாங்க கையெழுத்துப் போடாம எந்த பைலட்டும் ஏணியில கால் வெச்சதில்லை தம்பி. அந்தக் கேள்வியை எந்தத் தொனியில கேட்டீங்கன்னு எனக்குப் புரியுது. போன தடவை பைலட்டுங்க உடல் தகுதி, கிளாஸ் ஒன் மெடிக்கல் பத்தின இழையிலயும் இப்படித்தான் ஒருத்தரைக் கேட்டீங்க. பாவம், அவர் அதுக்கப்புறம் இந்தப் பக்கமே வரலை.

ஓடுபாதை25:
அவர் கண் டெஸ்ட்டைப் பத்தித் தப்பா சொன்னார், திருத்தினேன். இப்பவும் திருத்துவேன். அதை இங்க ஏன் இழுக்கறீங்க?

டல்லாஸ் டு தி.நகர்:
இங்க எல்லாரும் 200-க்கே அடிச்சுக்கிறீங்க. அமெரிக்காவுல ஏர்லைன்ல உட்கார 1500 வேணும். 2009-ல பஃபலோ பக்கத்துல கோல்கன் ஏர் விழுந்து 50 பேர் செத்ததுக்கு அப்புறம் கொண்டு வந்த சட்டம், 2013-ல அமலுக்கு வந்துச்சு. நான் அங்க ஹவர்ஸ் சேர்த்தவன். ஒருத்தர் வெளிய தெரியாதபடி ஹூட் மாட்டிக்கிட்டு ஓட்டணும், இன்னொருத்தர் சேஃப்டி பைலட். முறையாப் பேசி வெச்சுக்கிட்டா அந்த நேரத்தை ரெண்டு பேருமே பி.ஐ.சி-ன்னு எழுதலாம். எரிபொருள் செலவு பாதி.

ஓடுபாதை25:
ஆக, ஒரு விமானத்துக்கு ரெண்டு கேப்டன்! இதைப் பெருமையா வேற சொல்றீங்க. கோல்கன் கதையை முழுசாச் சொல்லுங்க. அந்த விமானத்துல ரெண்டு பைலட்டுக்குமே 1500-க்கு மேல இருந்துச்சு. வேகம் குறைஞ்சு இறக்கை தாங்காம விழப்போகுதுங்கிற ஸ்டால் வார்னிங் வந்ததும் கேப்டன் மூக்கை இறக்காம கன்ட்ரோலைப் பின்னாடி இழுத்தார். எண்ணிக்கை இருந்துச்சு, கை வரலை. நான் முதல் வரியிலருந்து கத்தறது இதைத்தான்.

டல்லாஸ் டு தி.நகர்:
அவங்க மணி நேரம் தரையில நின்னு சேர்த்ததா? இல்லையே? அப்புறம் அது உங்க வாதத்துக்கு எப்படி ஒத்து வரும்?

லாக்புக் லட்சுமி:
அதேதான். சார், நீங்க இப்போ ஏர்லைன்ல ஓட்டறீங்கன்னு நீங்களே பல இழையில எழுதியிருக்கீங்க. வருஷத்துக்கு 1000 மணி நேரத்துக்கு மேல பறக்கக் கூடாதுன்னு வரம்பு இருக்கு. அந்த ஆயிரத்தை எதுலருந்து எண்ணறாங்க? விமானம் நிறுத்தற இடத்தை, அந்த பே-யை விட்டு நீங்க நகர்ந்ததுலருந்து. மழை நாள்ல மீனம்பாக்கத்துல ஏழாவது விமானமா வரிசையில நிக்கும்போது அந்த நேரத்தை உங்க லாக்புக்ல எழுதறீங்களா, அழிக்கறீங்களா?

ஓடுபாதை25:
ஏர்லைன் வேற, டிரெய்னிங் வேற. முடிச்சுப் போடாதீங்க. கமர்ஷியல் லைசென்ஸ் (சி.பி.எல்) வாங்கிட்டு இன்னும் வேகன்ஸிக்குக் காத்திருக்கிறவங்க என் லாக்புக்கை ஆடிட் பண்ண வேண்டாம்.

லாக்புக் லட்சுமி:
வேலை கிடைக்காததைக் குத்திக் காட்டறீங்க. ஒரு குறிப்பிட்ட விமான வகையை ஓட்டறதுக்கான டைப் ரேட்டிங்குக்குப் பணம் புரட்டிக்கிட்டிருக்கேன், அதுல எனக்கு வெட்கம் இல்லை. நீங்க இன்னும் பதில் சொல்லலை.

மேடவாக்கம் அப்பா:
அந்தப் பொண்ணு கிட்ட அப்படிப் பேசியிருக்கக் கூடாது சார். என் மகளும் நாளைக்கு அந்த இடத்துலதான் நிக்கப் போறா.

ஓடுபாதை25:
யாரையும் அவமானப்படுத்தலை. ஒண்ணு சொல்றேன், ஞாபகம் இருக்கா? 2011-ல போலி மார்க் ஷீட், போலி லைசென்ஸ்னு பைலட்டுங்க கைது வரைக்கும் போச்சு. பறக்காத மணி நேரத்தைப் பேனாவாலயே எழுதின ஸ்கூலெல்லாம் மாட்டுச்சு. பார்க்கர் பென் ஹவர்ஸ்னு இந்த லைன்ல இருக்கிற எல்லாருக்கும் தெரியும். தரையில நிக்கிறதைப் பறக்கிறதுன்னு சொல்ல ஆரம்பிச்சா அடுத்த படி அதான்.

லாக்புக் லட்சுமி:
நிஜமா இன்ஜின் ஓடி, நிஜமா நகர்ந்த விமானத்தையும், ஹேங்கர்லருந்து வெளியவே வராத விமானத்தையும் ஒண்ணுங்கறீங்க. உண்மையா வேர்வை சிந்தி மணி நேரம் சேர்த்த ஒவ்வொருத்தரையும் திருடன்ங்கறீங்க. மன்னிப்பு கேட்கணும் நீங்க.

தாம்பரம் மாமா:
கேட்க மாட்டார்.

பல்லாவரம் பையன்:
யாராவது ஒரு விஷயம் சொல்லுங்களேன். 300 நாட்டிக்கல் மைல் சோலோவுக்கு எரிபொருள் நிரப்ப இறங்கற இடத்துல வெயிட் பண்றது கணக்குல வருமா?

லாக்புக் லட்சுமி:
இன்ஜினை அணைச்சு நிறுத்திட்டா அந்த இடைவெளி வராது. மறுபடி கிளம்பி நகர்ந்ததுலருந்து புது கணக்கு. லாக்புக்ல தனித்தனி வரியா எழுது.

ஓடுபாதை25:
தம்பி, எழுதறதுக்கு முன்னாடி சக்கரம் எங்க இருந்துச்சுன்னு பாரு. ஏர்லைன் இன்டர்வியூவுல சிமுலேட்டர் செக்குக்கு உட்காரும்போது குறுக்குக் காத்து அடிக்கும். ஹோல்டிங் பாயின்ட் அனுபவம் அங்க உதவாது.

லாக்புக் லட்சுமி:
மழை நாள் வரிசை. எழுதறீங்களா, அழிக்கறீங்களா?

ஓடுபாதை25:
காலையில அஞ்சு மணிக்கு ரிப்போர்ட்டிங். வந்து எழுதறேன். அது வரைக்கும் யாரும் இந்த இழையைப் பூட்டக் கூடாதுன்னு மட்டுறுத்துநரைக் கேட்டுக்கறேன். இன்னும் நிறைய சொல்ல வேண்டியது இருக்கு.

மேடவாக்கம் அப்பா:
போயிட்டு வாங்க சார். இந்த மாச பில் வந்திருக்கு, அதுல தரையில நின்ன நேரத்தைத் தனியாப் பிரிச்சுக் காட்டச் சொல்லி ஸ்கூலுக்கு மெயில் போடப் போறேன்.

டல்லாஸ் டு தி.நகர்:
பிரிச்சுக் கொடுக்க மாட்டாங்க. அங்கயும் கேட்டுப் பார்த்தேன்.