டைமிங் என்றால் நேரமா? "கொக்கி இசைவு" பற்றி

நண்பர்களுக்கு வணக்கம்.

பழைய தொழில் தையல் மிஷின்களைப் பிரித்துச் சீராக்குவோருக்கான நம் சொற்பட்டியலில் எல்லாம் ஓரளவு முடிந்துவிட்டது. "ஹூக் டைமிங்" (துணிக்குக் கீழே ஊசிநூலைப் பிடிக்கும் கொக்கி ஊசியோடு சரியாக வந்து சேர்வது) என்ற ஒரு வரி மட்டும் இழுத்துக்கொண்டே போகிறது. என் பங்குக்கு ஒரு நீண்ட மடல், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> கொக்கி நேரம் என்றே வைத்துவிடலாம். எளிமை, எல்லாருக்கும் புரியும்.

எளிமைதான். ஆனால் பொருள் தவறிவிடுகிறது. பெல்ட்டைக் கழற்றிவிட்டுக் கைச்சக்கரத்தை மெல்லத் திருப்பிப் பாருங்கள். ஒரு தையல் விழ அரை நிமிடம் ஆகட்டும். டைமிங் சரியாக இருந்தால் அப்போதும் கொக்கி நூலைப் பிடிக்கும். பெல்ட்டை மாட்டி நிமிடத்துக்கு 2000 தையல் ஓட்டினாலும் அதே இடத்தில்தான் பிடிக்கும். கடிகாரத்துக்கு இங்கே வேலையே இல்லை. ஊசி எந்த உயரத்தில் இருக்கும்போது கொக்கியின் முனை எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி. ஒன்றின் இடத்துக்கு ஏற்ப மற்றொன்றின் இடம். "நேரம்" என்று எழுதினால் புதிதாகப் படிப்பவர் வேகத்தைக் குறைத்தால் சரியாகிவிடும் என்று நினைப்பார். நானே ஒரு காலத்தில் அப்படி நினைத்தவன்தான்.

அந்தக் கதையையும் சொல்லிவிடுகிறேன். எனக்குக் கிடைத்த மிஷின் பல ஆண்டுகள் ஓடாமல் கிடந்தது. பழைய எண்ணெய் காய்ந்து, அரக்கு மாதிரி இறுகி, சக்கரம் அசையவே இல்லை. மண்ணெண்ணெய் விட்டு இரண்டு நாள் ஊற வைத்து, துடைத்து, மறுபடி விட்டு, ஒருவழியாக இளகியது. பிறகு நிறமற்ற மெல்லிய தையல் மிஷின் எண்ணெயை ஒவ்வொரு துளையிலும் விட்டேன். (மேலே இருந்த தங்கநிறச் சித்திரங்களைச் சாராயம் தொட்டுத் துடைக்காமல் விட்டது என் அதிர்ஷ்டம். பழைய மிஷின்களில் அவற்றின் மேல் அவலரக்குப் பூச்சு இருக்கும். சாராயம் பட்டால் கரைந்துவிடும்.) ஆர்வக்கோளாறில் கொக்கியையும் கழற்றினேன். தண்டில் அது இருந்த இடத்தை ஒரு கோடு போட்டுக் குறித்துக்கொள்ளவில்லை. திரும்ப மாட்டியபோது மிஷின் அழகாக ஓடியது, ஆனால் ஒரு தையல்கூட விழவில்லை. மெதுவாக ஓட்டிப் பார்த்தேன், வேகமாக ஓட்டிப் பார்த்தேன். நேரத்தோடு மல்லுக்கட்டியதில் ஒரு வாரம் போனது.

உள்ளே நடப்பது இதுதான். ஊசி அடிமட்டம் வரை இறங்கி, பிறகு மேலே ஏறத் தொடங்குகிறது. ஊசியின் ஒரு பக்கத்தில் நீளமான பள்ளம் உண்டு. அந்தப் பக்கத்து நூல் அதில் படுத்துக்கொண்டு ஊசியோடு ஏறிவிடும். மறுபக்கத்து நூலைத் துணி பிடித்துக்கொள்வதால் அது ஏற முடியாமல் வெளியே புடைத்துக்கொண்டு நிற்கும். அந்தப் புடைப்புதான் கண்ணி. கொக்கி முனை அந்தக் கண்ணிக்குள் நுழைந்தாக வேண்டும். பல தொழில் மிஷின்களில் ஊசி அடிமட்டத்திலிருந்து சுமார் 2.4 மி.மீ. ஏறியிருக்கும்போது கொக்கி முனை ஊசியின் நடுக்கோட்டுக்கு வரும். ஊசிக் காதுக்குச் சுமார் 1.6 மி.மீ. மேலே. இதற்காகவே ஊசித்தண்டில் இரண்டு கோடுகள் கீறியிருப்பார்கள். சுழல் கொக்கி வகையில் ஒரு தையலுக்குக் கொக்கி இரண்டு சுற்றுச் சுற்றும். ஒன்றில் கண்ணியைப் பிடிக்கும், மற்றது வெறுஞ்சுற்று. ஆலன் வில்சன் சுழல் கொக்கிக்குக் காப்புரிமை பெற்றது 1851-இல். இத்தனை காலமாகியும் இந்தச் சேர்க்கைக்கு நம்மிடம் பெயர் இல்லை.

இன்னொரு சிக்கல். பட்டறையில் "டைமிங் போச்சு" என்று சொல்லும்போது மூன்று விஷயங்களைச் சேர்த்துச் சொல்கிறோம்: ஊசித்தண்டின் உயரம், கொக்கி வந்து சேரும் இடம், கொக்கி முனைக்கும் ஊசிக்கும் உள்ள இடைவெளி. கடைசியது 0.05 முதல் 0.1 மி.மீ. வரை, கிட்டத்தட்ட ஒரு தாளின் பருமன். கலைச்சொல் இரண்டாவதை மட்டும் குறிக்க வேண்டும் என்பது என் கட்சி. உயரத்துக்கு "உயரம்" போதும், இடைவெளிக்கு "இடைவெளி" போதும். இவற்றைப் பிரிக்காவிட்டால் கொக்கியைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டே இருப்போம், குற்றம் ஊசித்தண்டில் இருக்கும். அதற்கும் முன்னால், ஊசியே வேறு நீளத்ததாக இருக்கும்.

> ஒத்திசைவு என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறதே?

இருக்கிறது. ஆனால் அது இரண்டும் ஒன்றுபோல் அசைவதைச் சொல்கிறது. இங்கே ஊசி மேலும் கீழும் போகிறது, கொக்கி சுற்றுகிறது. ஒன்றுபோல் அசையவே இல்லை, ஒரு புள்ளியில் சந்திக்கின்றன. "பொருத்தம்" என்று ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு உடனே ஜாதகம்தான் நினைவுக்கு வந்தது. "தறுவாய்" எனக்கு மிகவும் பிடித்த சொல். சரியான கணத்தை அதைவிடக் கூர்மையாகச் சொல்லும் சொல் இல்லை. ஆனால் நம் காதில் அதற்கு முன்னால் "இறக்கும்" தானாக வந்து ஒட்டிக்கொள்கிறதே, என்ன செய்ய?

அதனால் நான் முன்வைப்பது கொக்கி இசைவு.

> இசைவு என்றால் சம்மதம். குழப்பம் வரும்.

வராது என்றே நினைக்கிறேன். ஒன்றோடு ஒன்று பொருந்தி நடப்பதே இசைதல். சம்மதம் அதிலிருந்து கிளைத்த பொருள். ஒப்பந்தப் பத்திரத்தையும் கொக்கியையும் யாரும் ஒரே வாக்கியத்தில் எழுதப்போவதில்லை. ஒரு சொல் தாங்குமா என்று பார்க்க நான் அதைப் பட்டறை வாக்கியங்களில் வைத்துப் பார்ப்பேன்:

இசைவு தப்பிவிட்டது, தையல் விட்டுவிட்டு விழுகிறது.
ஊசித்தண்டு உயரத்தைச் சரிபார்த்த பிறகே இசைவு வை.
கீழ் இசைவுக் கோடு தண்டு உறையின் விளிம்புக்கு வந்ததும் நிறுத்து.
நூல் சிக்கிக் காப்புக் கிளட்ச் விடுபட்டாலும் இசைவு கெடாது.
பல்பெல்ட்டை மாற்றினால் இசைவு பார்க்காமல் ஓட்டாதே.

நான்காவது வாக்கியம் சிங்கர் 111டபிள்யூ போன்ற மிஷின்களை வைத்து எழுதியது. அவற்றில் கொக்கித் தண்டோடு ஒரு கிளட்ச் இருக்கும். நூல் இறுகினால் அது விட்டுக்கொடுத்துக் கொக்கியைக் காப்பாற்றும். பிறகு பழைய இடத்தில்தான் மறுபடி மாட்டிக்கொள்ளும்.

இந்தச் சொல்லோடு வினைகளும் இயல்பாக வருகின்றன. கொக்கி முந்துகிறது, கொக்கி பிந்துகிறது. தனியாகச் சொல் ஆக்கவே தேவையில்லை. தேய்ந்த கொக்கி முனையைச் சாணைத்தாளில் தீட்டுகிறோம் அல்லவா, அளவு மீறித் தீட்டினால் முனை குறைந்து கொக்கி பிந்திவிடும். இதை "நேரம்" வைத்து எழுதிப் பாருங்கள், "தாமதம்" என்று போய் எங்கேயோ நிற்கும். வால்வு டைமிங்குக்கும் இதே சொல்லை நீட்டலாம்; மோட்டார் ஆட்கள் சொல்லட்டும்.

கூடவே சில்லறை விஷயங்கள். "லூப்" என்பதற்கு "வளையம்" வேண்டாம், "கண்ணி" இருக்கட்டும். பறவைக்குக் கண்ணி வைப்பது போல நூல் கண்ணி வைத்துக் காத்திருக்கிறது. இங்கே இரைதான் தானாக வந்து நுழைந்து கண்ணியையே இழுத்துக்கொண்டு போகிறது. ஊசித் துளைக்கு "கண்" என்று பட்டியலில் வந்திருக்கிறது. நமக்கு அது காது. காதற்ற ஊசி என்று சொல்லித்தான் பழக்கம். ஊசியின் நீளப் பள்ளத்துக்கு "நூல் வாய்க்கால்" என்று ஒருவர் எழுதியதை அப்படியே ஏற்கிறேன். பாபினை விட்டுவிடுங்கள். அதற்கு "நூற்கண்டு" என்று எழுதினால் மேலே இருக்கும் நூலையும் கீழே இருக்கும் நூலையும் ஒன்றாக்கிவிடுவோம். பாபின் பாபினாகவே இருக்கட்டும்.

ஆட்சேபம் இருந்தால் சொல்லை மட்டும் அனுப்பாதீர்கள். மேலே உள்ள ஐந்து வாக்கியங்களிலும் உங்கள் சொல்லை வைத்து எழுதி அனுப்புங்கள்.

பி.கு.: துணியை நகர்த்தும் "ஃபீட் டாக்" என்பதற்கு "ஊட்டு நாய்" என்று யாரோ நிரப்பியிருக்கிறார்கள். விளையாட்டாக என்றே நம்புகிறேன். தைப்பவர்கள் அதைப் "பல்" என்கிறார்கள். ஏறி, முன்தள்ளி, இறங்கி, பின்வாங்கி வரும் அதன் நான்கு அசைவுக்குத்தான் பெயர் தேவை. அதை அடுத்த மடலில் பார்ப்போம்.